போர்ச்சுகல் பேரரசு கலைந்த வரலாறு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஐரோப்பியர் கடல்வழியே அமைத்த பேரரசுகளில் முதலில் எழுந்ததும் கடைசியாகச் சரிந்ததும் போர்ச்சுகல் நாட்டினுடையதே. வட ஆப்பிரிக்கக் கரையிலுள்ள சியூட்டா நகரை 1415இல் கைப்பற்றியதோடு தொடங்கிய அந்த ஆட்சி, 1999 டிசம்பர் 20 அன்று மக்காவ் சீனாவின் கைக்குச் சென்றபோது முடிந்தது. ஆனால் பேரரசு உண்மையில் முறிந்தது 1961 முதல் 1975 வரையிலான காலத்தில்தான். இங்குள்ள கேள்விகளில் பெரும்பாலானவை அந்த ஆண்டுகளைப் பற்றியவை.

இருபதாம் நூற்றாண்டின் நடுவில் போர்ச்சுகலிடம் எந்தெந்தப் பகுதிகள் இருந்தன?

ஆப்பிரிக்காவில் அங்கோலா, மொசாம்பிக், கினி (இன்றைய கினி-பிசாவ்), கேப் வெர்டே தீவுகள், சாவ் தோமே - பிரின்சிப்பி தீவுகள் ஆகியவை இருந்தன. ஆசியாவில் கோவா, டாமன், டையூ, கிழக்குத் திமோர், மக்காவ் ஆகியவை இருந்தன. மிகப் பெரிய உடைமையான பிரேசில் 1822லேயே பிரிந்துவிட்டது. தமிழர் வாழும் நிலங்களான யாழ்ப்பாணமும் நாகப்பட்டினமும் அதற்கும் முன்பாக, 1658இல், டச்சுக்காரர் வசமாகிவிட்டன. நாம் இன்றும் புழங்கும் சாவி, ஜன்னல், அலமாரி, மேசை போன்ற சொற்கள் அந்தப் பழைய தொடர்பில் நம் மொழிக்குள் வந்தவை.

பிரிட்டனும் பிரான்சும் வெளியேறத் தொடங்கிய பிறகும் போர்ச்சுகல் ஏன் அசையாமல் இருந்தது?

இதற்குப் பணம் ஒரு காரணம். அங்கோலாவிலிருந்து வைரமும் காப்பியும் வந்தன. மொசாம்பிக்கின் பருத்தி போர்ச்சுகல் ஆலைகளுக்கு மலிவாகக் கிடைத்தது. தென்னாப்பிரிக்கச் சுரங்கங்களுக்கு மொசாம்பிக் ஆண்களை அனுப்பியதன் பேரிலும் வருவாய் கிடைத்தது. ஆனால் பணத்தைவிட ஆழமான காரணம், பேரரசு இல்லையென்றால் தாங்கள் ஐரோப்பாவின் ஓரத்தில் கிடக்கும் ஏழை நாடாகிவிடுவோம் என்று ஆட்சியாளர் கொண்டிருந்த அச்சம்.

அந்த அச்சத்துக்குப் பழைய காயம் ஒன்று உண்டு. அங்கோலாவையும் மொசாம்பிக்கையும் இணைத்து, ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையிலிருந்து கிழக்குக் கரை வரை ஒரே நிலப்பரப்பாக ஆள வேண்டும் என்று போர்ச்சுகல் விரும்பியது. வரைபடத்தில் அந்தப் பகுதிக்கு இளஞ்சிவப்பு வண்ணமும் தீட்டி வைத்திருந்தது. 1890 ஜனவரி 11 அன்று பிரிட்டன் இறுதி எச்சரிக்கை விடுத்தது; போர்ச்சுகல் பின்வாங்கியது. அந்த அவமானம் முடியாட்சியின் செல்வாக்கை அரித்தது. 1910இல் முடியாட்சியே வீழ்ந்தது. காலனிகளை விட்டுக்கொடுக்கும் அரசு நிலைக்காது என்ற பாடத்தைப் பின்வந்த ஆட்சியாளர்கள் இதிலிருந்து கற்றுக்கொண்டனர்.

1932இல் பிரதமரான அன்டோனியோ டி ஒலிவெய்ரா சாலசார் அந்தப் பாடத்தை நாட்டின் கொள்கையாகவே ஆக்கினார். 1934இல் போர்ட்டோ நகரில் காலனிக் கண்காட்சி நடந்த காலத்தில், ஐரோப்பிய வரைபடத்தின் மீது அங்கோலாவையும் மொசாம்பிக்கையும் பதித்து, ‘போர்ச்சுகல் சிறிய நாடு அன்று’ என்று தலைப்பிட்ட படம் ஒன்று வெளியிடப்பட்டது. அதைத் தயாரித்தவர் என்ரிக் கல்வாவ் என்ற படை அதிகாரி. அவரைப் பற்றி மீண்டும் பேச வேண்டியிருக்கும். ஏறத்தாழ 36 ஆண்டுகள் பிரதமராக இருந்த சாலசார், தாம் ஆண்ட ஆப்பிரிக்க நிலங்களில் ஒருமுறைகூடக் காலடி வைத்ததில்லை.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ‘காலனி’ என்ற சொல்லே உலக அரங்கில் இழிவாகிவிட்டது. 1951இல் போர்ச்சுகல் தன் அரசமைப்பைத் திருத்தி, காலனிகள் அனைத்துக்கும் ‘கடல்கடந்த மாகாணங்கள்’ என்று பெயர் மாற்றியது. 1955இல் அந்நாடு ஐக்கிய நாடுகள் அவையில் சேர்ந்தது. தன்னாட்சி இல்லாத பகுதிகள் உங்கள் ஆளுகையில் உள்ளனவா என்று கேட்கப்பட்டபோது, ‘அப்படி எதுவும் இல்லை, எல்லாம் எங்கள் நாட்டின் மாகாணங்களே’ என்ற நிலையைப் போர்ச்சுகல் எடுத்தது. மாகாணம் என்று சொல்லிவிட்ட நிலத்துக்கு விடுதலை அளித்தால் அது நாட்டையே துண்டாடுவதாகிவிடும். எனவே பேச்சுவார்த்தைக்கான கதவை அந்தப் பெயர் மாற்றமே அடைத்துவிட்டது. நேர்மையான தேர்தல் இல்லாத, பத்திரிகைத் தணிக்கை நிலவிய நாட்டில் இதை எதிர்த்துக் கேட்க வழியில்லை. போர்ச்சுகல் நேட்டோவின் தொடக்ககால உறுப்பினர். அசோர் தீவுகளின் வானூர்தித் தளம் அமெரிக்காவுக்குத் தேவைப்பட்டது. அதனால் வெளியிலிருந்து வந்த அழுத்தமும் ஓரளவோடு நின்றது.

மாகாணம் என்று பெயரிட்ட பிறகு அங்குள்ள மக்கள் குடிமக்களாக நடத்தப்பட்டார்களா?

இல்லை. அங்கோலா, மொசாம்பிக், கினி ஆகிய மூன்றிலும் ஆப்பிரிக்கர்கள் சட்டப்படியே தனி வகுப்பினராக வைக்கப்பட்டிருந்தனர். போர்ச்சுகீசியம் பேசவும் எழுதவும் தெரிந்து, கிறித்தவ முறையில் வாழ்ந்து, நிலையான வருமானமும் காட்டினால் ஒருவர் ‘ஒன்றிணைந்தவர்’ என்ற சான்று பெற்றுக் குடிமகனாகலாம். அந்தச் சான்றைப் பெற்றவர்கள் 1950இல் அங்கோலாவின் ஆப்பிரிக்க மக்கள்தொகையில் ஒரு விழுக்காடுகூட இல்லை. மொழியைக் கற்பிக்கப் பள்ளி கட்டாமலே, மொழி தெரியாதவனுக்குக் குடியுரிமை இல்லை என்று சொன்ன ஏற்பாடு அது.

மீதமிருந்த பெரும்பான்மையினர் கட்டாய உழைப்புக்கு உட்பட்டனர். அடிமைமுறை 1869இல் ஏட்டளவில் ஒழிக்கப்பட்டிருந்தாலும், அதன் இடத்தில் ‘ஒப்பந்தம்’ என்ற பெயரில் வேறொரு பிடிப்பு வந்தது. சாலை போடுவதற்கும் தோட்டங்களுக்கும் ஊர் ஊராக ஆள் பிடித்துச் சென்றனர். பருத்தி விளையும் மாவட்டங்களில் உழவர்கள் தங்கள் உணவுப் பயிரை விட்டுப் பருத்தி பயிரிட வேண்டும். அதையும் குறிப்பிட்ட நிறுவனத்துக்கே, அது வைத்த விலைக்கே விற்க வேண்டும்.

இதை உள்ளிருந்தே அம்பலப்படுத்தியவர் மேலே சொன்ன கல்வாவ். பேரரசின் பெருமையைப் படமாக வரைந்த அவரே, காலனி ஆய்வாளராக அங்கோலாவைச் சுற்றிப் பார்த்த பிறகு, 1947இல் நாடாளுமன்றத்துக்கு ஓர் அறிக்கை அளித்தார். இறந்தவர்கள் மட்டுமே கட்டாய உழைப்பிலிருந்து உண்மையில் தப்பியவர்கள் என்று அதில் எழுதினார். அரசு அந்த அறிக்கையை மூடி மறைத்தது. பின்னர் அவர் சிறையில் அடைக்கப்பட்டார்.

அப்படியானால் விடுதலை இயக்கங்களின் தலைவர்கள் எங்கிருந்து வந்தார்கள்?

காலனிகளில் பல்கலைக்கழகம் இல்லாததால், மேற்படிப்புக்கு வாய்ப்புப் பெற்ற மிகச் சிலர் போர்ச்சுகலுக்கே செல்ல வேண்டியிருந்தது. அவர்களைப் பேரரசின் விசுவாசிகளாக்கும் நோக்கத்தோடு 1944இல் லிஸ்பனில் ‘பேரரசு மாணவர் இல்லம்’ நிறுவப்பட்டது. வெவ்வேறு கரைகளிலிருந்து வந்த இளைஞர்கள் அங்கேதான் ஒருவரையொருவர் சந்தித்தார்கள், தங்கள் ஊர்களில் நடப்பது ஒரே கொடுமை என்பதை உணர்ந்தார்கள். பிற்காலத்தில் அங்கோலாவின் முதல் குடியரசுத் தலைவரான அகோஸ்டின்ஹோ நெட்டோ, மருத்துவம் படிக்கப் போர்ச்சுகலுக்கு வந்த அத்தகைய இளைஞர்களில் ஒருவர்.

அமில்கார் கப்ரால் வேளாண்மைப் பொறியாளர். காலனி அரசே அவரைக் கினியில் வேளாண் கணக்கெடுப்புக்கு அமர்த்தியது. எந்த ஊரில் எந்த இனத்தவர் என்ன பயிரிடுகிறார்கள், எந்த நிலம் யாருடையது, மழைக்காலத்தில் எந்த வழி நடக்கக்கூடியது என்பதையெல்லாம் அவர் அந்தப் பணியில் ஊர் ஊராக நடந்து அறிந்தார். 1956இல் அவர் தோழர்களோடு தொடங்கிய, கினி - கேப் வெர்டே விடுதலைக்கான பிஏஐஜிசி இயக்கத்துக்கு அந்த அறிவே முதலீடானது. காலனி ஆட்சிக்கு எதிராக ஆப்பிரிக்காவில் எழுந்த இயக்கங்களில் மிகத் தெளிவாகச் சிந்தித்தது இதுவே என்பது என் மதிப்பீடு.

1961ஆம் ஆண்டைத் திருப்புமுனை என்று ஏன் சொல்கிறார்கள்?

ஒரே ஆண்டில் அடிமேல் அடி விழுந்தது. ஜனவரியில் அங்கோலாவின் பைஷா டி கசாஞ்சே பகுதியில் பருத்தி உழவர்கள் விதைக்க மறுத்து எழுந்தனர். வானூர்திகளைக் கொண்டு அவர்களை அடக்கினர். அதே மாதம், காவலிலிருந்து தப்பி வெளிநாடு சென்றிருந்த கல்வாவ், ‘சான்டா மரியா’ என்ற போர்ச்சுகல் பயணிகள் கப்பலை நடுக்கடலில் கைப்பற்றி, உலகப் பத்திரிகைகளின் பார்வையைச் சாலசாரின் ஆட்சி மீது திருப்பினார். பிப்ரவரி 4 அன்று லுவாண்டா நகரின் சிறையும் காவல் நிலையமும் தாக்கப்பட்டன. மார்ச் 15 அன்று வட அங்கோலாவில் யுபிஏ என்ற விடுதலை இயக்கத்தினர் காப்பித் தோட்டங்களைத் தாக்கி, வெள்ளையர்களையும் அங்கே வேலை செய்த ஆப்பிரிக்கத் தொழிலாளர்களையும் கொன்றனர். அதற்குப் பழிவாங்கலாகப் படையும் குடியேறிகளும் நடத்திய தாக்குதலில் பல்லாயிரக்கணக்கான ஆப்பிரிக்கர் மாண்டனர். ஏப்ரலில் பாதுகாப்பு அமைச்சர் பொட்டேலோ மொனிஸ் சாலசாரை நீக்க முயன்று தோற்றார்.

ஆகஸ்டில் மேற்கு ஆப்பிரிக்காவின் தஹோமே நாடு (இன்றைய பெனின்), தன் கரையில் போர்ச்சுகலிடம் இருந்த அஜுடா என்ற சின்னஞ்சிறு கோட்டையை எடுத்துக்கொண்டது. அங்கிருந்த போர்ச்சுகல் அதிகாரி கட்டடத்துக்குத் தீ வைத்துவிட்டு வெளியேறினார். டிசம்பரில் கோவா போனது. ஆள் பிடிப்பதற்கு அடிப்படையாக இருந்த தனி வகுப்புச் சட்டத்தை அரசு அதே ஆண்டு நீக்கியது. ஆனால் அதற்குள் காலம் கடந்துவிட்டது.

கோவா எவ்வாறு இந்தியாவோடு இணைந்தது?

1946 ஜூன் 18 அன்று மட்காவில் ராம் மனோகர் லோகியா தடையை மீறிப் பேசியதிலிருந்து வெளிப்படையான எதிர்ப்பு வளர்ந்தது. 1954இல் தாத்ராவும் நகர் ஹவேலியும் போர்ச்சுகலின் கைவிட்டுப் போயின. 1955 ஆகஸ்ட் 15 அன்று எல்லை தாண்டிய சத்தியாகிரகிகள் மீது போர்ச்சுகல் காவலர்கள் சுட்டதில் இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். நேரு பல ஆண்டுகள் பேச்சுவார்த்தையையே நம்பினார். மாகாணத்தைப் பற்றிப் பேச்சே இல்லை என்று மறுத்தார் சாலசார்.

1961 டிசம்பர் 18 அன்று இந்தியப் படைகள் கோவாவுக்குள் நுழைந்தன. ‘வெற்றி பெற்ற வீரர்களோ மாண்ட வீரர்களோதான் இருக்க முடியும்’ என்ற பொருளில், சரணடைய இடமே தராத ஆணையைச் சாலசார் அனுப்பியிருந்தார். மூவாயிரத்துச் சொச்சம் வீரர்களையும் பழைய ஆயுதங்களையும் மட்டுமே கொண்டிருந்த ஆளுநர் வசாலோ இ சில்வா, அந்த ஆணையை மீறி 19ஆம் தேதி சரணடைந்தார். வீரர்களின் உயிரும், கோவா நகரங்களின் மக்களும் தேவாலயங்களும் அவருடைய முடிவால் பிழைத்தன. அதற்குப் பரிசாக அவர் படையிலிருந்து வெளியேற்றப்பட்டார். 1974க்குப் பிறகே அவருடைய பதவிநிலை மீட்கப்பட்டது. 1510இல் கோவாவைக் கைப்பற்றிய அல்புகெர்க்கின் பெயரைத் தாங்கிய போர்க்கப்பல்தான் 1961இல் அங்கே இந்தியக் கடற்படையுடன் மோதிச் சேதமடைந்து கரை ஒதுங்கியது. 451 ஆண்டு ஆட்சி ஏறத்தாழ ஒன்றரை நாளில் முடிந்தது. பாதுகாப்பு அவையில் இந்தியாவுக்கு எதிராகக் கொண்டுவரப்பட்ட தீர்மானத்தைச் சோவியத் ஒன்றியம் தன் மறுப்பாணையால் தடுத்தது. கோவா மீதான இந்திய இறையாண்மையைப் போர்ச்சுகல் 1974 டிசம்பர் 31 அன்றுதான் ஒப்பந்தம் மூலம் ஏற்றது.

ஆப்பிரிக்கப் போர்கள் எத்தனை ஆண்டுகள் நீடித்தன? போர்ச்சுகல் தோற்றதா?

அங்கோலாவில் 1961இலும், கினியில் 1963 ஜனவரியிலும், மொசாம்பிக்கில் 1964 செப்டம்பர் 25 அன்றும் போர் தொடங்கியது. ஏறத்தாழ 90 லட்சம் மக்களே வாழ்ந்த நாடு, ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் மூன்று களங்களில் 13 ஆண்டுகள் போரிட்டது. அரசின் செலவில் ஏறத்தாழ 40 விழுக்காடு படைக்கே போனது. இளைஞர்கள் கட்டாயப் படைச் சேவையில் சேர்ந்து ஈராண்டு ஆப்பிரிக்காவில் கழிக்க வேண்டியிருந்தது. வறுமைக்கும் போருக்கும் தப்ப விரும்பிய பல லட்சம் பேர், முறையான தாளின்றி மலை கடந்துகூட, பிரான்சுக்குப் போனார்கள்.

மூன்று களங்களின் நிலையும் ஒன்றன்று. அங்கோலாவில் இயக்கங்கள் மூன்றாகப் பிரிந்து தமக்குள் மோதியதால் போர்ச்சுகல் தாக்குப்பிடித்தது. மொசாம்பிக்கில் பிரெலிமோ இயக்கத்தின் முதல் தலைவர் எட்வார்டோ மொன்ட்லேன் 1969இல் பொதியில் வந்த குண்டு வெடித்து இறந்தார். ஆனால் சமோரா மாஷெல் தலைமையில் இயக்கம் தெற்கு நோக்கி முன்னேறியது. 1972 டிசம்பரில் தேத்தே அருகே வீரியாமு ஊரில் போர்ச்சுகல் படையினர் நூற்றுக்கணக்கான மக்களைக் கொன்றனர். பாதிரியார்கள் திரட்டிய செய்தி மறு ஆண்டு லண்டன் பத்திரிகையில் வெளியானபோதுதான் உலகம் அதை அறிந்தது.

கினியில் போர்ச்சுகல் தோற்றுக்கொண்டிருந்தது என்பதைத் தயங்காமல் சொல்லலாம். 1973 ஜனவரி 20 அன்று, அண்டை நாடான கினிக் குடியரசின் தலைநகர் கொனாக்ரியில் கப்ரால் சுட்டுக் கொல்லப்பட்டார். தலைவர் இறந்தால் இயக்கம் சிதறும் என்று எதிர்பார்த்தவர்கள் ஏமாந்தனர். அதே ஆண்டு தோளில் வைத்துச் சுடும் ஏவுகணைகள் பிஏஐஜிசி கைக்கு வந்தன. வானத்தில் போர்ச்சுகலுக்கு இருந்த மேலாதிக்கம் போயிற்று. செப்டம்பர் 24 அன்று, தாம் மீட்ட மண்ணிலேயே இயக்கத்தினர் விடுதலையை அறிவித்தனர். மிகப் பல நாடுகள் அதை உடனே ஏற்றுக்கொண்டன.

பேரரசைக் காத்த படையே ஏன் அரசைக் கவிழ்த்தது?

முதல் முணுமுணுப்பு பதவி உயர்வைப் பற்றியதுதான். அதிகாரிகள் போதாததால், கட்டாயச் சேவையில் வந்தவர்கள் சுருக்கமான பயிற்சியோடு நிரந்தர அதிகாரிகளாகி, மூப்பிலும் முந்திக்கொள்ள வழிசெய்யும் ஆணை 1973 ஜூலையில் பிறந்தது. நிரந்தரக் கேப்டன்கள் அதை எதிர்த்துக் கூடினர். கூடிப் பேசத் தொடங்கியவர்கள் விரைவிலேயே போரைப் பற்றிப் பேசினர். மூன்றாம், நான்காம் முறையாக ஆப்பிரிக்காவுக்குப் போய்வந்தவர்கள் அவர்கள். படையால் வெல்ல முடியாது என்பதை அமைச்சர்களைவிட நன்றாக அறிந்தவர்கள். கோவாவில் நடந்ததும் அவர்கள் நினைவில் இருந்தது: ஆட்சியாளரின் பிடிவாதத்தால் தோற்கும் போருக்கான பழி படையின் தலையில் விழும். 1974 பிப்ரவரியில், கினியின் முன்னாள் ஆளுநரான தளபதி ஸ்பினோலாவே போரால் தீர்வு வராது என்று நூல் எழுதி வெளியிட்டார்.

சாலசார் 1968இல் நோயுற்றுப் பதவி இழந்திருந்தார். அவருக்குப் பின் வந்த மார்செலோ கெய்தானோ போரை நிறுத்தத் துணியவில்லை. 1974 ஏப்ரல் 25 அதிகாலை, வானொலியில் ஒலித்த பாடலை அடையாளமாகக் கொண்டு படைகள் லிஸ்பனை நோக்கி நகர்ந்தன. மாலைக்குள் கெய்தானோ சரணடைந்தார். மக்கள் வீரர்களின் துப்பாக்கி முனைகளில் கார்னேஷன் மலர்களைச் செருகினர்.

அப்படியானால் ஆப்பிரிக்கக் காலனிகளுக்கு விடுதலை கொடுத்தது லிஸ்பன் புரட்சியா?

அப்படிச் சொல்வது வரலாற்றைத் தலைகீழாக வைப்பதாகும். லிஸ்பன் புரட்சி கினியின் சதுப்பு நிலங்களிலும் மொசாம்பிக்கின் வடக்கிலும் விளைந்தது. ஆப்பிரிக்க உழவர்கள் 13 ஆண்டுகள் தாங்கிய போர்தான் போர்ச்சுகல் மக்களையும் அவர்களுடைய சர்வாதிகாரத்திலிருந்து விடுவித்தது. ஏப்ரல் 25 அன்று லிஸ்பனில் ரகசியக் காவல்துறை சுட்டு நால்வர் இறந்தனர். அந்த எண்ணிக்கையை வைத்து இதை ரத்தம் சிந்தாத புரட்சி என்று போற்றுகிறார்கள். ஆனால் அதற்கான ரத்தம் முன்பே கடலுக்கு அப்பால் சிந்தப்பட்டுவிட்டது. போர்ச்சுகல் படையில் 8,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஆப்பிரிக்கர்களின் சாவு அதைப் போலப் பல மடங்கு.

அதிகாரம் எந்த வரிசையில் கைமாறியது?

புரட்சிக்குப் பின் குடியரசுத் தலைவரான ஸ்பினோலா ஒருவகைக் கூட்டாட்சியை விரும்பினார். கேப்டன்களோ முழு விடுதலையையே விரும்பினர். 1974 ஜூலை 27 அன்று வந்த சட்டம் விடுதலை உரிமையை ஏற்றது. கினி-பிசாவை அதே ஆண்டு செப்டம்பர் 10 அன்று போர்ச்சுகல் அங்கீகரித்தது. மொசாம்பிக் 1975 ஜூன் 25 அன்றும், கேப் வெர்டே ஜூலை 5 அன்றும், சாவ் தோமே - பிரின்சிப்பி ஜூலை 12 அன்றும், அங்கோலா நவம்பர் 11 அன்றும் விடுதலை பெற்றன.

அங்கோலா ஏன் உடனே உள்நாட்டுப் போருக்குள் விழுந்தது?

எம்பிஎல்ஏ (நெட்டோவின் இயக்கம்), எப்என்எல்ஏ (முன்பு யுபிஏ), யுனிட்டா ஆகிய மூன்று இயக்கங்களும் போர்ச்சுகலும் 1975 ஜனவரியில் போர்ச்சுகலின் அல்வோரில் ஒப்பந்தம் செய்தன. அது சில மாதங்களில் முறிந்தது. எண்ணெயும் வைரமும் உள்ள நாட்டில் ஒவ்வொரு பக்கத்துக்கும் வெளி ஆதரவு வந்தது: தெற்கிலிருந்து தென்னாப்பிரிக்கப் படை நுழைந்தது, எம்பிஎல்ஏவுக்காகக் கியூப வீரர்கள் வந்தனர். நவம்பர் 10 அன்று போர்ச்சுகலின் கடைசி உயர் ஆணையர், எந்த இயக்கத்திடமும் ஒப்படைக்காமல், ‘அங்கோலா மக்களிடம்’ அதிகாரத்தை அளிப்பதாக அறிவித்துவிட்டுக் கப்பலேறினார். போர் 2002 வரை ஓயவில்லை. மொசாம்பிக்கிலும் 1977 முதல் 1992 வரை உள்நாட்டுப் போர் நடந்தது. இயக்கங்களின் பகைக்கு அவற்றின் தலைவர்களும் பொறுப்பு. ஆனால் கட்சியோ தேர்தலோ உள்ளூர் நிர்வாகிகளோ உருவாக இடந்தராமல் கடைசி நாள்வரை ஆண்டுவிட்டு ஏறத்தாழ ஒன்றரை ஆண்டில் கிளம்பிய அரசின் பொறுப்பு அதைவிடப் பெரியது.

அங்கே குடியேறியிருந்த போர்ச்சுகீசியர் என்ன ஆனார்கள்?

ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டோர், பெரும்பாலும் 1975இல், போர்ச்சுகலுக்கு வந்தனர். ‘ரெட்டோர்னாடோஸ்’, அதாவது திரும்பியோர், என்று அவர்களை அழைத்தனர். ஆனால் அவர்களில் பலர் ஆப்பிரிக்காவிலேயே பிறந்து, போர்ச்சுகலை முதன்முறையாகப் பார்த்தவர்கள். அவர்களுடைய மரப்பெட்டிகள் லிஸ்பனின் டேகஸ் ஆற்றங்கரையில், கடலோடிகளுக்காகச் சாலசார் காலத்தில் எழுப்பிய நினைவுச்சின்னத்தின் அருகே மலைபோல் குவிந்து கிடந்தன. விடுதிகளில் தங்கவைக்கப்பட்ட அவர்கள், ஏச்சுகளைத் தாங்கியும், மெல்ல மெல்ல நாட்டோடு கலந்தனர்.

கிழக்குத் திமோரும் மக்காவும் ஏன் பின்தங்கின?

கிழக்குத் திமோரின் பிரெட்டிலின் கட்சி 1975 நவம்பர் 28 அன்று விடுதலையை அறிவித்தது. ஒன்பது நாள் கழித்து இந்தோனேசியா படையெடுத்தது. 1999 ஆகஸ்ட் 30 வாக்கெடுப்பில் 78.5 விழுக்காட்டினர் விடுதலையைத் தேர்ந்தனர். 2002 மே 20 அன்று அந்நாடு முழு விடுதலை பெற்றது. மக்காவ் சீன நிலமே, அதன் நிர்வாகம் மட்டும் தன்னிடம் உள்ளது என்று போர்ச்சுகல் 1970களிலேயே ஏற்றுக்கொண்டது. 1987 கூட்டறிக்கையின்படி அது ஒப்படைக்கப்பட்டது.

போர்ச்சுகல் இதற்கெல்லாம் மன்னிப்புக் கேட்டிருக்கிறதா?

வீரியாமு கொலைகளுக்காகப் பிரதமர் அன்டோனியோ கோஸ்டா 2022 செப்டம்பரில் மொசாம்பிக்கின் தலைநகர் மபூட்டோவில் மன்னிப்புக் கேட்டார். கொலை நடந்து அப்போது ஏறத்தாழ 50 ஆண்டுகள் ஆகியிருந்தன. 2024 ஏப்ரலில், புரட்சியின் பொன்விழாவை ஒட்டி, அடிமை வணிகத்துக்கும் காலனிக் கொடுமைகளுக்கும் நாடு ஈடுசெய்ய வேண்டும் என்று குடியரசுத் தலைவர் மார்செலோ ரெபெலோ டி சோசா கூறினார். அத்தகைய திட்டம் எதுவும் இல்லை என்று அரசு சில நாட்களிலேயே அறிவித்துவிட்டது.